ஜிஜி பேசிச்சா, பேசலையா? நிஷி கசாய்ல ஒரு வீடு, ஒரு படம், மூணு பாஷை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டோக்கியோல எடோகாவா வார்டுல நிஷி கசாய்னு ஒரு ஏரியா, இந்தியக் குடும்பங்க நிறைய இருக்கற இடம், நம்மூர் ஆளுங்களும் கணிசமா இருக்காங்க. நான் அங்க தான் இருக்கேன். வேலை ப்ரிட்ஜ் எஞ்சினியர், ஜப்பான் கிளையண்ட் சொல்றத சென்னை டீமுக்கும் சென்னை டீம் முழிக்கறத கிளையண்ட்டுக்கும் எடுத்துச் சொல்ற வேலை, அதனால மொழிபெயர்ப்புல என்னல்லாம் தொலையும்னு எனக்கு ஓரளவு தெரியும்னு நெனச்சிட்டு இருந்தேன். இந்தக் கேஸ், ஜிஜின்னு ஒரு படத்துல வர்ற பூனை கடைசில பேசிச்சா இல்லையாங்கற சண்டை, எனக்கு கீழ் மாடி வீட்டுல நடந்தது. அவங்க கிட்ட கேட்டுட்டு தான் எழுதறேன், பேரெல்லாம் போடல.

வீட்டுல அப்பா, அம்மா, பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 5. பொண்ணு ஜப்பான் கவர்மெண்ட் ஸ்கூல்ல மூணாம் வகுப்பு, அவளுக்கு ஜப்பானீஸ் தான் முதல் பாஷை மாதிரி, தமிழ் புரியும், பேசும்போது கொஞ்சம் தடுக்கும். பையன இந்தியன் ஸ்கூல்ல போட்டுட்டாங்க, அவனுக்கு இங்கிலீஷ். அப்பா அம்மாவுக்கு ஜப்பானீஸ் கடைகண்ணிக்குப் போதும், சினிமாவுக்குப் பத்தாது. இதுக்கு நடுவுல கும்பகோணத்துல இருந்து பாட்டி 90 நாள் விசால வந்திருந்தாங்க, அவங்களுக்கு தமிழ் மட்டும். ஆக ஒரே சோபால நாலு விதமான காது. பாட்டி வந்ததுல இருந்து சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சேந்து ஒரு படம்னு வெச்சுகிட்டாங்க, நானும் போய் உக்காந்துக்குவேன்.

முதல் சனிக்கிழமை

முதல் படம் கிகியோட டெலிவரி சர்வீஸ். கதோனோ எய்கோ 1985ல எழுதின நாவல்ல இருந்து மியாசாகி ஹயாவோ எடுத்து 1989ல வந்த ஸ்டூடியோ ஜிப்ளி அனிமேஷன் படம், 13 வயசு ஆனதும் ஒரு சூனியக்காரப் பொண்ணு வீட்ட விட்டு வேற ஊருக்குப் போய் சொந்தக் கால்ல நிக்கணும், அவ கூட ஜிஜின்னு ஒரு கருப்புப் பூனை. துடைப்பத்துல பறக்கறதத் தவிர அவளுக்கு வேற ஒண்ணும் வராது, அதையே பிழைப்பாக்கி பார்சல் டெலிவரி பண்றா. அவ்ளோ தான் கதை, வில்லன் கூட கிடையாது.

அப்பாவோட பெரியப்பா பையன் அமெரிக்கால இருந்து வந்தப்ப விட்டுட்டுப் போன பழைய டிவிடி ஒண்ணு இருந்தது. ரீஜியன் 1 டிஸ்க், அதாவது அமெரிக்கா பக்கத்துக்குன்னு பூட்டினது, இங்க ப்ளேயர்ல ஓடாது, அதனால ஒரு பழைய லேப்டாப்ப எடுத்து (டிரைவ்ல ரீஜியன அஞ்சு தடவை தான் மாத்த முடியும், அதுல நாலு ஏற்கெனவே காலி) டிவில கேபிள் சொருகி ஓட விட்டாங்க. இங்கிலீஷ் டப். ஏன்னா அப்பா அம்மாவுக்குப் புரியும், பையனுக்கும் புரியும், பாட்டிக்கு எப்படியும் ரெண்டும் புரியாது. அந்த நேரத்துக்கு நியாயமான முடிவு தான், நானும் தலையாட்டினேன்.

பொண்ணு மட்டும் இத ஜப்பானீஸ்ல ஏற்கெனவே பாத்திருந்தா. வெள்ளிக்கிழமை ராத்திரி டிவில ஜிப்ளி படம் போடறது இங்க ஒரு வழக்கம், வீட்டுல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தத ரெண்டு மூணு தடவை பாத்திருக்கா.

அன்னிக்கு கவனிச்சது

படம் ஆரம்பிச்சதுல இருந்தே பொண்ணு நெளிஞ்சுகிட்டே இருந்தா. மொதல்ல பாட்டு. "இந்தப் பாட்டு இல்ல, வேற பாட்டு"ன்னா. யாரும் கண்டுக்கல. அப்புறம் ஜிஜியோட குரல். ஜப்பானீஸ்ல ஒரு நடிகை சின்னப் பையன் குரல்ல பேசியிருப்பாங்க, கொஞ்சம் பயந்த சுபாவம், முன்ஜாக்கிரதை. இங்க ஒரு பெரிய ஆம்பளைக் குரல், நக்கல், வாய் ஓயாத கமெண்ட். "ஆபிஸ்ல இருக்கற அங்கிள் மாதிரி பேசுது"ன்னு அவ சொன்னப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. பேக்கரிக்கார அம்மா கிகிக்கு குடிக்க ஏதோ கலந்து குடுக்கற இடத்துல, இங்கிலீஷ்ல ஹாட் சாக்லேட்னு வருது, பொண்ணு உடனே "காபி! அது காபி!"ன்னு கத்தினா. காபிங்கற வார்த்தை மட்டும் பாட்டி காதுல விழுந்துச்சு, அம்மா விளக்கினதும், "ஏன், 13 வயசுப் பொண்ணு காபி குடிச்சா என்னவாம்"னு கேட்டாங்க. கும்பகோணம்.

பிரச்சினை வந்தது கடைசில. கதைப்படி நடுவுல கிகி மனசு ஒடஞ்சு போய் பறக்கற சக்தி போயிடுது, ஜிஜி பேசறதும் அவளுக்குப் புரியாமப் போயிடுது, வெறும் மியாவ்னு தான் கேக்குது. கடைசில ஆகாயக் கப்பல்ல தொங்கற நண்பனக் காப்பாத்த ஒரு தெரு கூட்டற பிரஷ்ஷ கடன் வாங்கிப் பறக்கறா, ஜெயிக்கறா, கூட்டத்துல ஜிஜி தாவி அவ தோள்ல வந்து உக்காருது. இங்கிலீஷ் டிஸ்க்ல அந்த இடத்துல ஜிஜி பேசுது, "கிகி, நான் பேசறது கேக்குதா"ங்கற மாதிரி. பையன் கை தட்டினான். பொண்ணு எழுந்து நின்னுட்டா. "பேசாது! அது பேசவே பேசாது, மியாவ்னு தான் சொல்லும்!"

"பேசிச்சு, நான் கேட்டேன்"னு பையன். "பேசல"ன்னு இவ. அப்பா சமாதானம் பண்றேன்னு "நீ அப்ப சரியா கவனிச்சிருக்க மாட்ட கண்ணா, ஒரே படம் தானே"ன்னுட்டாரு. அவ அழுதுகிட்டே உள்ள போயிட்டா. பாட்டி, "பூனை பேசினா என்ன பேசாட்டி என்ன, புள்ளைய ஏன்டா அழ வெக்கறீங்க"ன்னு எல்லாரையும் பொதுவா திட்டினாங்க.

தேடிப் பாத்தது

அப்பாவுக்கு மனசு கேக்கல. மறுநாள் ரெக்கார்டிங்ல கடைசி பத்து நிமிஷத்த போட்டுப் பாத்தோம், அப்புறம் டிஸ்க்ல அதே பத்து நிமிஷம். பொண்ணு சொன்னது சரி. ஜப்பானீஸ்ல ஜிஜி தோள்ல ஏறி மியாவ்னு மட்டும் சொல்லுது, கிகி ஒரு நொடி அத பாத்து சிரிக்கறா, அவ்ளோ தான். அவளுக்கு மறுபடி பறக்க வந்துடுச்சு, ஆனா பூனை பாஷை திரும்பி வரல. அத சோகம்னு சொல்ல முடியாது, அவ வளந்துட்டா, தன்னோட குழந்தைத்தனமான பாதி கிட்ட பேசிப் பேசி தைரியம் வாங்க வேண்டிய தேவை போயிடுச்சு. அந்த ஒரு மியாவ்ல தான் படத்தோட கணக்கே முடியுது. அத வசனமா மாத்தினா "எல்லாம் பழையபடி ஆயிடுச்சு"ங்கற வேற முடிவு. அப்பா போய் பொண்ணு கிட்ட சாரி சொன்னாரு, இத நான் முக்கியமா பதிவு பண்ணணும், ஏன்னா பெரியவங்க நாலு பேர் சேந்து ஒரு குழந்தையோட காத சந்தேகப்பட்டோம்.

இந்த வித்தியாசம் எப்படி வந்துச்சுன்னு நான் கொஞ்சம் தோண்டினேன். இந்தப் படத்துக்கு மொதல்ல ஒரு இங்கிலீஷ் டப் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்துல போடறதுக்காகப் பண்ணியிருக்காங்க. அப்புறம் 1996ல டிஸ்னி, ஜிப்ளிக்கு அப்ப தாய்க் கம்பெனியா இருந்த தொக்குமாவோட ஒப்பந்தம் போட்டு ஜிப்ளி படங்கள எடுத்தாங்க, 1998ல அவங்க டப் வீடியோவா வந்தது. கிகிக்கு கிர்ஸ்டன் டன்ஸ்ட், ஜிஜிக்கு ஃபில் ஹார்ட்மன்னு ஒரு காமெடி நடிகர், அந்த வீடியோ வெளிய வர்றதுக்கு முன்னாடியே அந்த வருஷம் மே மாசம் அவரு இறந்துட்டாரு. ஜிஜி முதுகு காட்டிட்டு இருக்கற ஷாட், வாய் தெரியாத ஷாட், தூரத்து ஷாட், இங்கெல்லாம் லிப் சிங்க் பாக்க வேண்டியதில்ல, அந்த எடத்துல தான் புதுசா வசனம் சொருகியிருக்காங்க. அமைதியா இருந்த இடங்கள்ல கூடுதலா பின்னணி இசை. ஆரம்பப் பாட்டும் கடைசிப் பாட்டும் இங்கிலீஷ்ல புதுசு. அப்புறம் 2010ல அமெரிக்கால மறுபடி டிவிடி போட்டப்ப சேத்த வசனத்துல நிறைய எடுத்துட்டு, அந்தக் கடைசி வரியையும் எடுத்துட்டு, ஒரிஜினல் பாட்டையே வெச்சுட்டாங்க. ஆக நம்ம கையில இருந்தது 2010க்கு முந்தின டிஸ்க். அட்டையப் பாத்தா இது எதுவும் தெரியாது.

ஒண்ணு சொல்லிடறேன், அந்த டப்ப மட்டமா நினைக்க எனக்கு மனசு வரல. ஹார்ட்மன் டைமிங் பிரமாதம், பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். படத்த வெட்டவும் இல்ல. 1984ல வந்த மியாசாகியோட நவுசிக்கா படத்த அமெரிக்கால 1985ல வேற பேர்ல இருவது நிமிஷத்துக்கு மேல வெட்டிப் போட்டு, அதுக்கப்புறம் ஒரு ஃபிரேம் வெட்டக் கூடாதுன்னு ஜிப்ளி கறாரா ஆனது தெரிஞ்ச கதை. வெட்ட முடியாது, சரி. சேக்கறதுக்கு வழி இருந்திருக்கு.

எடுத்த முடிவு

அம்மா தான் பேச்ச ஆரம்பிச்சாங்க. "அண்ணா, இந்த சண்டையில அத்தைக்கு ஒண்ணுமே புரியல. அவங்களுக்கு நாமளே தமிழ்ல சொன்னா என்ன?" வீட்டுல இருந்த எதுலயும் தமிழ் டிராக் இல்ல. சரி, வால்யூம கொறைச்சு வெச்சு அம்மாவே எல்லா கேரக்டருக்கும் தமிழ்ல பேசறதுன்னு முடிவாச்சு. எங்க சுயசேவை டப்பிங் ஸ்டூடியோ.

மொதல் முயற்சி இங்கிலீஷ் டிராக்க வெச்சு. அம்மாவுக்கு அது தானே புரியும். பாதிப் படத்துல சறுக்கல். ஒரு வயசான பணக்கார அம்மா வீட்டுல கரண்ட் அடுப்பு வேலை செய்யல, பேத்தி பர்த்டேக்கு மீன் பைன்னு (pie) ஒரு சுட்ட பலகாரம் அனுப்ப முடியாம தவிக்கறாங்க, கிகி பழைய விறகு அடுப்பப் பத்த வெச்சு உதவி பண்றா. அந்த சீன்ல அம்மா வேகத்துல "நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்"னு கிகி சொல்ற மாதிரி சொல்லிட்டாங்க. பாட்டி முகம் மாறிடுச்சு. "இந்தப் பொண்ணு என்ன, பாட்டி வயசுல இருக்கறவங்கள நீ வாங்குது? நல்ல பொண்ணுன்னு நெனச்சேனே."

ஒரே ஒரு "நீ". கிகி மேல இருந்த மதிப்பு போச்சு. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே வார்த்தை, அதக் கேட்டு அவசரத்துல தமிழ்ல சொன்னா வாய்ல "நீ" தான் வருது. ஆனா ஜப்பானீஸ்ல கிகி அந்த அம்மா கிட்ட ரொம்ப மரியாதையா, வினைச்சொல் முடியற விதத்துலயே மரியாதை வெச்சு பேசுவா, ஜிஜி கிட்ட அப்படியே கொச்சையா மாறுவா. நம்ம நீ, நீங்க, வா, வாங்க மாதிரியே. பொண்ணு பக்கத்துல இருந்து "இல்லம்மா, அவ நீங்கன்னு தான் சொல்றா"ன்னா, அப்பவே ஆடியோவ ஜப்பானீஸ்க்கு மாத்தச் சொன்னேன். நான் பாதி, பொண்ணு பாதி, ஜப்பானீஸ்ல இருந்து நேரா தமிழ்ல அம்மா காதுல போட, அவங்க அத நல்ல தமிழாக்கி குரல் குடுக்கணும்னு ஏற்பாடு. தினம் ஆபிஸ்ல ஜப்பானீஸ்ல இருந்து இங்கிலீஷ் வழியா சுத்திப் போறவன் நான், இந்த சுத்து தேவையில்லன்னு ஒரு பாட்டி கோவப்பட்டப்புறம் தான் எனக்கு உறைச்சுது.

நின்னு போன சீன்ல இருந்து மறுபடி. "நீங்க கவலப்படாதீங்கம்மா, எங்க வீட்டுல விறகு அடுப்பு தான், எனக்குப் பழக்கம்." பாட்டி "ம்ம்"னு ஒரு சத்தம் குடுத்தாங்க. அவ மழையில நனஞ்சு கொண்டு போய்க் குடுத்த பைய, கதவத் தொறந்த பேத்தி எனக்கு இந்தப் பையே புடிக்காதுன்னு சலிச்சுக்கற இடத்துல பாட்டி விட்ட திட்ட இங்க எழுத முடியாது. டப்பிங் வேலை செய்யுதுன்னு அப்ப தெரிஞ்சுது.

அடுத்தடுத்த சனிக்கிழமைங்க

டோட்டோரோ (1988) தான் எங்களுக்கு லட்டு மாதிரி அமைஞ்சுது. தங்கச்சி மேய் அக்காவ கூப்பிடறது "ஒனேச்சான்"னு, அதாவது அக்கா, இங்கிலீஷ்ல அது வெறும் பேரா, சாட்சுக்கின்னு, ஆயிடும். நமக்கு ஒரு மாத்தமும் தேவையில்ல. காலைல ஸ்கூலுக்குப் போகும்போது சொல்ற "இத்தேகிமாஸ்", அதுக்கு வார்த்தைக்கு வார்த்தை அர்த்தமே போயிட்டு வரேன், வீட்டுல இருக்கறவங்க பதிலுக்கு சொல்றது போயிட்டு வா. அம்மா அத சொன்னதும் பாட்டி கேட்டாங்க, "அவங்களும் போறேன்னு மொட்டையா சொல்ல மாட்டாங்களா?" இங்க ஏழு வருஷமா தினம் அந்த வார்த்தைய சொல்றேன், ஒரு தடவை கூட எனக்கு இது தோணல.

சோளத்துக்கு ஜப்பானீஸ்ல தோமோரோகோஷி, மேய் சின்னக் குழந்தை, எழுத்த மாத்தி தோமோகோரோஷிம்பா. ஆஸ்பத்திரியில இருக்கற அம்மாவுக்கு அந்த சோளத்த எடுத்துகிட்டு தனியா கெளம்பிப் போறது தான் கடைசி கால்வாசிப் படமே, அதனால அந்த மழலை விட்டுப் போகக் கூடாது. அம்மா ஒரு செகண்ட் யோசிச்சு "சக்காமோளம்"னாங்க. மக்காச்சோளம் தலைகீழா. பையன் ஒரு வாரம் வேற எதுவும் பேசல, அந்த ஒரு வார்த்தை தான்.

தோத்தது ஸ்பிரிட்டட் அவேல (2001). கதாநாயகி சிஹிரோவோட பேர மந்திரக்கார யுபாபா புடுங்கற சீன். அவ எழுதின பேர்ல மத்த எழுத்தெல்லாம் காத்துல பறந்து போயிடும், மிச்சம் ஒரே ஒரு கான்ஜி (ஜப்பானீஸ்ல எழுதற சீன எழுத்து), அது பேர்ல வரும்போது "சி", தனியா நின்னா "சென்". எழுத்து அதே தான், வாசிப்பு மட்டும் வேற, அப்படி ஒரே எழுத்துக்குள்ள அவ வேற ஆளா ஆயிடறா. தமிழ் எழுத்துக்கு அந்த வித்தை கெடையாது. பூங்குழலிய குழலி ஆக்கலாமான்னெல்லாம் யோசிச்சோம், ஒட்டல. படத்த நிறுத்தி பேப்பர்ல எழுதிக் காட்டினேன். கிளாஸ் எடுத்த மாதிரி ஆயிடுச்சு, பாட்டி கண் அசந்துட்டாங்க, பேர் போனா ஊருக்குத் திரும்ப முடியாதுங்கற பயம் யாருக்கும் வரல.

ஆனா அன்னிக்கு முக்கியமா நடந்தது வேற. பின்பாதில தண்ணிக்கு மேல ஓடற ரயில்ல சிஹிரோ போவா, நெழல் மாதிரி மனுஷங்க ஏறுவாங்க எறங்குவாங்க, யாரும் பேச மாட்டாங்க, கொஞ்ச நேரத்துக்கு இசை மட்டும் தான். அம்மாவால சும்மா இருக்க முடியல. "இப்ப அவ அந்த இன்னொரு பாட்டி வீட்டுக்குப் போறா, அவளுக்கு பயமா இருக்கு, ஆனா தைரியமா உக்காந்திருக்கா, வெளிய பாருங்க எல்லாம் தண்ணி..." பாட்டி கண்ண டிவில இருந்து எடுக்காம கைய மட்டும் தூக்கினாங்க. "சும்மா இருடி. தெரியுது."

அம்மா டக்குனு என்னப் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல புரிஞ்சுது, 1998ல அந்த டப் பண்ணவங்க என்ன பண்ணாங்களோ அதையே தான் நாங்களும் பண்ணிட்டு இருந்தோம். திரையில யாரும் பேசலன்னா பாக்கறவங்க விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு ஒரு பயம். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, பாசம் தான், பாட்டிக்குப் புரியணுமேங்கற பாசம். இதே படத்தோட 2002 இங்கிலீஷ் டப்லயும் கடைசில, கார்ல ஏறிப் போகும்போது, புது வீடு புது ஸ்கூல் கொஞ்சம் பயமா தான் இருக்கும்னு அப்பாவும் என்னால சமாளிக்க முடியும்னு சிஹிரோவும் சொல்ற மாதிரி ரெண்டு வரி சேத்திருக்காங்க, ஜப்பானீஸ்ல அந்த இடத்துல ஒண்ணும் கெடையாது. அதப் படிச்சப்ப மொதல்ல கோவப்பட்டவன் நான், இப்ப அவ்ளோ கோவப்பட முடியல.

விளைவு

அதுக்கப்புறம் வீட்டுல ஒரு சட்டம் வந்துச்சு, திரையில யாரும் பேசலன்னா அம்மாவும் பேசக் கூடாது, பொண்ணு தான் காவல், மீறினா தொடையில கிள்ளுவா. பாட்டி கேள்வி கேக்கறது கொறஞ்சுது, சொல்லப் போனா பேசாத இடங்கள்ல தான் அவங்க நல்லா பாத்தாங்க. ரயில்ல தேடிப் போன அந்த இன்னொரு பாட்டி ஜெனிபா, சிஹிரோ கிட்ட பாட்டின்னு கூப்பிட்டா போதும்னு சொல்ற இடத்த பையனக் கூப்பிட்டு ரெண்டு தடவை போடச் சொன்னாங்க. பொண்ணோட தமிழ் தேறிச்சு, இது யாரும் திட்டம் போட்டுப் பண்ணதில்ல, வசனத்த அம்மா காதுல ஓதறதுக்குள்ள வார்த்தை தேடித் தேடி வந்த பழக்கம். "சலிச்சுக்கறது"ன்னு ஒரு வார்த்தைய அவ உபயோகிச்சப்ப அவங்கப்பா ஆச்சரியப்பட்டுப் போனாரு.

நஷ்டமும் இருக்கு. எங்க ஏற்பாட்டுல ஒரிஜினல் குரல் எதையும் பாட்டி முழுசா கேக்கல, எல்லா கேரக்டரும் மருமக குரல் தான், டோட்டோரோங்கற அந்தப் பிராணி போடற உறுமல் மட்டும் அசல்.

திரும்பப் பண்ணா என்ன மாத்துவோம்

டிஸ்க் எந்த வருஷத்து டப்புன்னு மொதல்ல பாப்போம், அரை நிமிஷ வேலை, அதுக்கு ஒரு குழந்தை அழுதிருக்க வேண்டியதில்ல. இங்கிலீஷ் டிராக்க வெச்சு தமிழ் சொல்றத மொதல் நாள்லயே விட்டிருக்கணும், ஜப்பானீஸ் தெரிஞ்ச குழந்தை பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு, யாரும் அவளக் கேக்கல. உறவுமுறைய தாராளமா போட்டதுல எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு, பேக்கரிக்காரம்மாவ கிகி "ஒசோனோ சான்"னு தான் கூப்பிடறா, நாங்க "ஒசோனோ அக்கா" ஆக்கிட்டோம், சான் மரியாதை தானே ஒழிய உறவு இல்ல, தெரியாத ஊருல ஒரு அன்னியப் பொண்ணுக்கு அது ரொம்ப சீக்கிரம் கெடச்ச அக்கா. அம்மா இதுல என் கூட ஒத்துக்கல, "அக்கான்னு சொல்லாம வேற எப்படிண்ணா கூப்பிடுவா"ங்கறாங்க. கான்ஜி மாதிரி விஷயத்த படம் போடறதுக்கு முன்னாடியே சாப்பாட்டு நேரத்துல கதையா சொல்லிடலாம், நடுவுல நிறுத்தறது தப்பு.

பாட்டி ஊருக்குப் போற வாரம் கிகிய மறுபடி போட்டோம், இந்த தடவை ஜப்பானீஸ் டிராக், எங்க தமிழ். கடைசில ஜிஜி தோள்ல ஏறிச்சு, மியாவ்னுச்சு, அம்மா சட்டப்படி வாய மூடிகிட்டாங்க. பொண்ணு ஜெயிச்ச மாதிரி தம்பியத் திரும்பிப் பாத்தா. அவன் அசரல. "பேசிச்சு, உனக்கு தான் கேக்கல"ன்னுட்டு முறுக்கு எடுக்கப் போயிட்டான்.